முதல் பெஞ்சு பக்திமான்

மற்ற வீடுகளில் புருஷன் சர்ச்சுக்கு வரவில்லையே என்று பெண்கள் ஜெபத்தில் அழுவார்கள். செக்கிங் அக்காவுக்கோ தன் புருஷன் சர்ச்சுக்குப் போகிறாரே என்றுதான் கவலை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தாலாவது பரவாயில்லை, இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆளுக்கொரு பக்கம் தலையில் கைவைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

செக்கிங் அக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ரெடிமேட் சட்டைக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளைத் தேறியது, தேறாதது என்று பிரிப்பது அவள் வேலை. நீள மேஜை, தலைக்கு மேலே டியூப்லைட், கைக்கெட்டும் தூரத்தில் நூல் கத்தரி. சட்டை வந்ததும் மற்றவர்கள் காலரையும் பட்டனையும் பார்ப்பார்கள். அவள் முதலில் சட்டையை உள்பக்கமாகத் திருப்புவாள். அக்குளில் தையல் விட்டிருக்கிறதா, பாக்கெட் ஓரத்தில் பிசிறு தொங்குகிறதா என்று விரலை ஓட்டிக்கொண்டே போவாள். "வெளிய ரொம்பப் பளபளன்னு இருந்தா எனக்குச் சந்தேகம் வந்துடும்" என்பாள். தைக்கிற பெண்கள் அவள் முன்னால் பயப்படுவார்கள், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பழிப்புக் காட்டுவார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக ஒரே வேலையைச் செய்ததில் அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. காய்கறிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தக்காளியைக் கூடுதலாகப் போட்டால், வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் வெட்டிப் பார்ப்பாள்.

அவள் புருஷன் லேத் பட்டறையில் இரும்பு கடைபவர். லேத்துக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். மீசை முளைத்த நாளிலிருந்து அந்தப் பட்டறையில்தான் இருக்கிறார். இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தத்துக்கு நடுவில் நின்று நின்று, வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் மிஷின் ஓடுகிறது என்று அந்தக் காலத்தில் சொல்வார். கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் படுக்கையிலிருந்து கிளப்புவதே அவளுக்குப் பெரிய ஊழியமாக இருந்தது. வந்தாலும் கடைசி பெஞ்சு. பிரசங்கம் ஆரம்பித்ததும் தலை சாய்ந்துவிடும். ஒருமுறை குறட்டையே விட்டார். "அங்க ஒரு சகோதரர் என்கூடச் சேர்ந்து பிரசங்கம் பண்றார்" என்று போதகர் சொல்ல, சபையே சிரித்தது. செக்கிங் அக்கா பைபிளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் எழுப்புவதற்கு முன்பே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சர்ச்சுக்குள் போனதும் கடைசி பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அது யாரும் ஆசைப்படாத பெஞ்சு. போதகரின் கண்ணுக்கு நேரே இருப்பதால் அங்கே நிம்மதியாகக் கொட்டாவிகூட விட முடியாது. சரி, ஒரு நாள் கூத்து என்று அவள் விட்டுவிட்டாள். அடுத்த வாரமும் அதே பெஞ்சு. அதற்கடுத்த வாரமும் அதே. அப்புறம் ஞாயிறு மாலை ஆராதனை, வெள்ளிக்கிழமை ஆராதனை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் மட்டும் வரும் விடியற்காலை ஆராதனை, எதையும் விடவில்லை. மழை கொட்டினாலும் போனார். காய்ச்சலோடும் போனார்.

போனது மட்டுமா? அவருடைய பயபக்தியைப் பார்க்க வேண்டுமே! அந்த சர்ச்சில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான் நடக்கும். போதகர் ஒரு வரி சொன்னால் சபை ஒரு வரி பதில் சொல்ல வேண்டும், இன்ன இடத்தில் நிற்க வேண்டும், இன்ன இடத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். வாராவாரம் அதேதான். லேத்துக்காரர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. சின்ன வயதில் அவர் அம்மா அடித்து மனப்பாடம் பண்ண வைத்தது அப்படியே இருந்தது. போதகரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பதில் சொல்லும் இடங்களில் அவர் குரல்தான் எல்லாருக்கும் மேலே கணீரென்று கேட்கும். ஜெபத்தில் முழங்காலில் நின்றால், மற்றவர்கள் எல்லாரும் எழுந்த பிறகுதான் அவர் எழுவார். அவர் இன்னும் கர்த்தரோடு பேசி முடிக்கவில்லை என்று பின்னால் இருப்பவர்கள் மெய்சிலிர்த்துப் போவார்கள்.

"நீ குடுத்து வச்சவ" என்றாள் ரேடியோ அக்கா. பக்கத்து வீட்டுக்காரி, சர்ச்சிலும் பக்கத்து இடம். காலையில் அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் எல்லாச் சந்துக்கும் ஒலிபரப்பாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். "எங்க வீட்டுல இருக்கே ஒண்ணு, ஆசீர்வாதம் சொல்றதுக்குள்ள செருப்பத் தேடிப் போயிடும். உன் வீட்டுக்காரர் காலைக் கழுவித் தண்ணி குடிக்கணும்!"

"குடிங்க" என்றாள் செக்கிங் அக்கா. "நான் குடிக்கமாட்டேன்."

அவளுக்கு முதலில் வந்த சந்தேகம் சர்ச்சுக் கமிட்டி எலெக்‌ஷன். பெரிய மனுஷனாக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டதோ என்று பார்த்தாள். எலெக்‌ஷன் வந்தது, போனது. அவர் நிற்கவும் இல்லை, நின்றவர்களைப் பற்றி விசாரிக்கவும் இல்லை. அப்புறம், ஏதோ பெரிய பாவம் பண்ணிவிட்டு மனசாட்சி குத்துகிறதோ என்று நினைத்தாள். தூங்கும்போது உளறுகிறாரா என்று விழித்திருந்து பார்த்தாள். உளறவில்லை. மனிதர் நிம்மதியாகத் தூங்கினார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். டிவி பார்ப்பதை விட்டார். டீக்கடைக் கூட்டாளிகளை விட்டார். வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் ஃபோன் பண்ணினால், "நல்லாருக்கியா? அம்மாகிட்ட பேசும்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஃபோனை நீட்டிவிடுவார். பேசினாலும் குசுகுசுவென்று, பக்கத்து அறையில் யாரோ நோயாளி தூங்குவதுபோல் பேசினார். இதையெல்லாம் கேட்ட ரேடியோ அக்கா, "உலகத்தையே வெறுத்துட்டார்" என்று தெருவுக்குச் சொன்னாள். உலகத்தை வெறுத்தால் பரவாயில்லை, அதில் நானும் அடக்கமா என்பதுதான் செக்கிங் அக்காவின் கேள்வி.

எல்லாவற்றிலும் மோசம், அவர் சண்டை போடுவதை விட்டதுதான். முன்பெல்லாம் உப்புக்குச் சண்டை, ஃபேனுக்குச் சண்டை, ஒன்றும் கிடைக்காவிட்டால் செத்துப்போன மாமியாரை இழுத்துச் சண்டை. அதில் ஒரு ருசி இருந்தது. இப்போது எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு 'சரி'. அவர் அம்மா படுத்திருந்த பழைய கட்டிலை விற்றுவிடட்டுமா என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தாள். வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். "சரி" என்றார். ஆளை அழைத்து விற்றும்விட்டாள். சாயங்காலம் வந்து கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தவர், அங்கேயே சற்று நேரம் நின்றார். அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசால் இந்த மனுஷன் வீட்டைக் காலி பண்ணிவிட்டார் என்று அன்று அவள் முடிவு கட்டினாள்.

காலி பண்ணி எங்கே போனார் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள்.

முதல் பெஞ்சுக்கு நேர் எதிரே ஆர்கன். அதை வாசிப்பவள் ஒரு டீச்சர். புருஷனை இழந்தவள், ஒல்லியானவள், பார்க்க லட்சணமானவள். காலால் மிதித்து மிதித்துக் காற்றடித்தால்தான் சத்தம் வரும் பழைய ஆர்கன் அது. ஒரு நாள் பெண்கள் பக்கத்திலிருந்து செக்கிங் அக்கா கவனித்தாள். எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, பக்திமான் மட்டும் ஆர்கன் டீச்சரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தற்செயல் என்று தள்ள முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் பார்த்தார். ஜெபத்தில் கண்ணை மூடியிருக்கும்போதுகூட நடுவில் அரைக்கண் திறந்து அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் கண்ணை மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அவள் எதற்குக் கண்ணைத் திறந்திருந்தாள் என்று கேட்காதீர்கள்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எந்த ஆராதனையையும் விடாத மனிதர், வீடு வீடாக நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் வருவதே இல்லை. அங்கே புத்தகம் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் பேசுவார்கள், விசாரிப்பார்கள், அழுவார்கள். "வாங்களேன்" என்று ஒரு தடவை கையைப் பிடித்தே இழுத்தாள். "நீ போயிட்டு வா" என்று குசுகுசுத்துவிட்டு நழுவிவிட்டார். அந்தக் கூட்டங்களில் ஆர்கன் கிடையாது, ஆர்கன் டீச்சரும் வருவதில்லை. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு பிசிறைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் பிரிந்து வருவதை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

ஒரு சாயங்காலம் அவர் மேஜைப் பக்கம் குனிந்து உட்கார்ந்து, அடுத்த நாள் சர்ச்சுக்குப் போட வேண்டிய ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குழாயடியில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மினுமினுவென்று ஆகிக்கொண்டிருந்த அந்த ஷூவைப் பார்க்கப் பார்க்க அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். யாருக்காக இந்தப் பாலிஷ்?

"என்னங்க" என்றாள். "உங்களுக்கு நான் வேண்டாம்னா சொல்லிடுங்க. எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்."

பாலிஷ் டப்பாவை எடுக்கத் திரும்பியவர் அவளைப் பார்த்தார். ஏதோ கேட்டு முடித்துவிட்டுக் காத்திருப்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"ம். சரி" என்றார். சிரிக்கவும் செய்தார். மறுபடியும் ஷூவுக்குத் திரும்பினார்.

அவளுக்குக் குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை அண்ணன வரச் சொல்லிடறேன்" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. பாலிஷ் துணி மட்டும் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

எத்தனை வருஷக் குடும்பம், ஒரு 'சரி'யில் முடிந்துபோயிற்று. அவள் அன்று அழுத அழுகை சொல்லி முடியாது. அண்ணனுக்கு ஃபோன் பண்ணினாள். "என்னாச்சு? அடிச்சாரா?" என்று பதறினார் அண்ணன். "அடிச்சிருந்தா பரவாயில்லண்ணே. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். துணிமணிகளை ஒரு பையில் அடைத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அவர் கண்ணில் படட்டும், எதற்கு என்று கேட்கட்டும் என்று ஒரு நப்பாசை. அவர் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை, பையைப் பார்க்கவும் இல்லை.

இருந்தாலும் செக்கிங் அக்கா செக்கிங் அக்காதான். கடைசியாக ஒருமுறை பார்க்காமல் எந்தச் சட்டையையும் தேறாதது என்று தள்ளியதில்லை. வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து லேத்துக்காரர் முன்னால் போய்விட்ட பிறகு, ஆர்கனை மூடிக்கொண்டிருந்த டீச்சரிடம் நேராகப் போனாள்.

"ஸ்தோத்திரம் டீச்சர். எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட ஏதாவது பேசுவாரா?"

டீச்சர் நிமிர்ந்தாள். கேள்வியில் இருந்த ஊசி அவளுக்குப் புரியாமல் இல்லை. "பேசறதா? நானா எத்தன தடவ ஸ்தோத்திரம் சொல்லியிருக்கேன் தெரியுமா? காதுலயே வாங்காம விறுவிறுன்னு போயிடுவார். பெரிய பக்திமான், எங்ககிட்டல்லாம் பேசுவாரா?" படக்கென்று ஆர்கனைப் பூட்டினாள். "நீங்களே கேட்டுச் சொல்லுங்க, அப்படி என்ன கோவம்னு."

யோக்கியமான பதில்தான். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போதே செக்கிங் அக்காவின் மனசு அதையும் உள்பக்கம் திருப்பிவிட்டது. ஒன்றுமில்லாதவர் சாதாரணமாகப் பேசிவிட்டுப் போவார். ஊர் பார்க்கும்போது முகம் திருப்பிக்கொண்டு போகிறார் என்றால்தான் விஷயமே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் அண்ணன் வந்துவிடுவார். கடைசி ஆராதனை என்று நினைத்துக்கொண்டு அவள் பெண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில், அவர் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அன்று பாடிய பாட்டு எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. அவர் டீச்சரின் காலைப் பார்த்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

எல்லாரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லி முடித்ததும் போதகர், "கர்த்தர் உங்களோடு இருப்பாராக" என்பார். சபை, "உமது ஆவியோடும் இருப்பாராக" என்று பதில் சொல்லும். பிறகு எல்லாரும் முழங்காலில் நிற்க, ஜெபம். இதுதான் முறை. ஆனால் அன்று போதகர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தார்.

"பிரியமானவர்களே, இன்னைக்கு முறையைக் கொஞ்சம் மாத்தப்போறேன்" என்றார். முதல் பெஞ்சைப் பார்த்தார். "ஒரு வருஷமா ஒரு ஆராதனைகூட விடாம வர்ற நம்ம சகோதரர் இங்க இருக்கார். சகோதரரே, இந்தப் பயபக்தி உங்களுக்கு எப்படி வந்துச்சு? எழுந்து வந்து சபைக்கு ரெண்டு வார்த்த சொல்றீங்களா?"

லேத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, போதகரின் முகத்தைப் பார்த்து, சர்ச் அதிரும்படி சொன்னார்:

"உமது ஆவியோடும் இருப்பாராக!"

ஒற்றைக் குரல். சபை ஒரு கணம் திகைத்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போதகரும் சிரித்துவிட்டார். "அடக்கம், அடக்கம்" என்றார். "கூச்சப்படாதீங்க, வாங்க."

அவர் வரவில்லை. போதகரின் உதடுகள் அசைந்து முடிந்துவிட்டன, முறைப்படி அடுத்தது ஜெபம். லேத்துக்காரர் மடமடவென்று முழங்காலில் நின்று, கண்ணை மூடிவிட்டார்.

சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. புகழ்ச்சி வேண்டாம் என்று சபைக்கு நடுவில் தன்னந்தனியாக மண்டியிட்ட மனிதரைப் பார்த்து ரேடியோ அக்காவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. "ஐயோ, என்ன தாழ்மை" என்று அவளும் முழங்காலில் நின்றாள். அவளைப் பார்த்து அந்த வரிசை. பிறகு அடுத்த வரிசை. கடைசி பெஞ்சில் செருப்பில் பாதிக் காலை நுழைத்திருந்தவர்கள்கூட மண்டியிட்டார்கள். சபையே முழங்காலில் நின்ற பிறகு போதகர் மட்டும் எப்படி நிற்பது? அவரும் மண்டியிட்டார்.

செக்கிங் அக்கா மட்டும் முழங்காலில் நிற்கவில்லை. எல்லாரும் தலையைக் கவிழ்த்திருந்ததால் அவளுக்குப் புருஷன் முழுசாகத் தெரிந்தார். கண்ணை மூடியிருந்தவர் மெல்ல அரைக்கண் திறந்தார். பக்கத்தில் பார்த்தார். பின்னால் ஓரமாகப் பார்த்தார். எல்லாரும் மண்டியிட்டிருப்பதைக் கண்டதும் அப்பாடா என்று தோள் இறங்கியது. பின்கழுத்தில் வேர்வை வழிந்து காலர் நனைந்திருந்தது.

அது பயபக்தி இல்லை. வெறும் பயம். காதலிப்பவன் முகமும் அது இல்லை, திருடன் முகமும் இல்லை. தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பயந்து பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும் முகம். இந்த மனுஷன் எதற்குப் பயப்படுகிறார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சந்தேகம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அது இப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து, கை குலுக்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பைச் சிரித்துவிட்டு அவர் வேகமாக வெளியே நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். தெரு குறுகலான இடத்தில் பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. ஓட்டி வந்தவன் ஹாரன் அடித்தான். அவர் நடுத்தெருவிலேயே போய்க்கொண்டிருந்தார். மறுபடியும் விடாமல் அடித்தான். அவர் நகரவில்லை. அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பைக்காரன் உரசிக்கொண்டு போகும்போது திரும்பிக் கத்தினான்.

"யோவ்! காது கேக்கல?"

தெருவில் யாரும் யாரையும் திட்டுகிற வார்த்தைதான். அவளே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள். ஆனால் அன்று அந்த வார்த்தை அவள் நெஞ்சில் போய் நின்றுவிட்டது. அவர் ஒன்றும் நடக்காததுபோல், "பாத்துப் போறதில்ல" என்று பைக்காரனைக் குசுகுசுவென்று திட்டிவிட்டு மறுபடி முன்னால் நடந்தார்.

"என்னங்க" என்றாள் பின்னாலிருந்து. அவர் திரும்பவில்லை. "என்னங்க, உங்க பட்டறை தீப்பிடிச்சு எரியுதாம்." அவர் நடந்துகொண்டே இருந்தார். "என்னைப் பெத்தவளே, இது என்ன" என்று அவள் நடுத்தெருவில் வாய்விட்டுச் சொன்னாள். எதிரில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் போனதும் அவருக்கு முன்னால் போய் நின்றாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. சத்தமே இல்லாமல், வெறும் உதட்டை மட்டும் அசைத்து, "தண்ணி வேணுமா?" என்றாள்.

"வேணாம்" என்றார் அவர்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் சத்தமில்லாமல், "எத்தன நாளா?" என்று உதட்டை அசைத்தாள்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அவள் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்தார், அவள் தொண்டை அசையவே இல்லை என்பதையும் பார்த்தார். மாட்டிக்கொண்டது புரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார் மெதுவாக. "மொதல்ல ஒரு காது. அப்புறம் ரெண்டும்."

"சொல்லித் தொலைச்சா என்ன? நான் என்ன வேத்து ஆளா?" அவள் அழுகையோடு கத்தினாள். அவருக்கு அவள் உதடு பிடிபடவில்லை. மறுபடி, மெதுவாகச் சொன்னாள்.

"பட்டறைல தெரிஞ்சா மிஷின் பக்கம் விடமாட்டாங்க, கூட்டிப் பெருக்கத்தான் விடுவாங்க" என்றார். "அத விடு. செவிடன்னு ஒரு தடவ பேர் வந்துட்டா அப்புறம் யாரும் பேசமாட்டாங்க. கத்துவாங்க. இல்லன்னா, 'ஒண்ணுமில்ல விடு'ன்னுடுவாங்க. அந்த 'ஒண்ணுமில்ல விடு' இருக்கே, அத என்னால தாங்க முடியாது."

"அதுக்கு சர்ச்சு எதுக்கு? அந்த டீச்சர் கால் எதுக்கு?"

இரண்டாம் தடவை கேட்டபோது அவருக்குப் புரிந்தது. இவ்வளவு துக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "அடிப்பாவி, அதையா பாத்துக்கிட்டிருந்த? அந்தம்மா மிதிக்க ஆரம்பிச்சாதான் பாட்டுன்னு எனக்குத் தெரியும். நிறுத்தினா உக்காரணும்." சிரிப்பு அடங்கியதும் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க போனாலும் அடுத்து என்ன கேப்பாங்களோன்னு பயம். டீக்கடைல பயம். ஃபோன்ல புள்ளகிட்ட பயம். என் சத்தமே எனக்குத் தெரியாம கத்திடுவேனோன்னும் பயம். அங்க மட்டும்தான் அவங்க என்ன சொல்லுவாங்கன்னும் தெரியும், நான் என்ன சொல்லணும்னும் தெரியும். அந்த ஒரு மணி நேரம் நானும் எல்லார மாதிரியும் பதில் சொல்லுவேன். வீட்டுல நீ என்ன கேப்பன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

அவள் ஒரு வருஷமாக இந்த மனுஷனின் பின்கழுத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட முகத்துக்கு முன்னால் வந்து நின்று கேட்கவில்லை. அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் உள்ளே வந்தார். பெரிய மீசைக்காரர், பெரிய குரல்காரர். வந்ததும் வராததுமாகக் கதவுக்குப் பின்னால் இருந்த பையைத் தூக்கினார். "கிளம்பு தங்கச்சி. மாப்பிள்ளை, நீங்களே சரின்னு சொன்ன பெறகு எங்களுக்குப் பேச என்ன இருக்கு?"

லேத்துக்காரர் அவர் மீசையையே பார்த்தார். அதற்குள்ளிருந்து ஒரு வார்த்தையும் வெளியே தெரியவில்லை. பையைப் பார்த்தார். ஆட்டோவைப் பார்த்தார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்க போற?" என்று அவளைக் கேட்டார், அதே குசுகுசுக் குரலில். "நான் எதுக்காவது சரின்னு சொல்லிட்டேனா?"

இனி சொல்லாமல் முடியாது. ஒண்ணுமில்ல விடுங்க என்றும் சொல்ல முடியாது. அவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"உங்களுக்கு நான் வேண்டாமா, போயிடட்டுமான்னு கேட்டேன். சரின்னீங்க."

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். புரிந்துகொண்டவர், புரியாமல் போயிருக்கக் கூடாதா என்பதுபோல் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வேண்டாம்! போகாதே!"

வீட்டில் ஒரு வருஷமாக அடக்கி வைத்த குரல். தெருமுனை வரை போயிருக்கும். அண்ணன் பையைக் கீழே போட்டுவிட்டார். பக்கத்து வீட்டில் ரேடியோ அக்காவின் ஜன்னல் படாரென்று திறந்தது. லேத்துக்காரர் அந்த ஜன்னலைப் பார்த்தார். அதில் முகம் வந்து நின்றதையும் பார்த்தார். நாளைக் காலைக்குள் விஷயம் பட்டறைக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாதா?

"எனக்குக் காது கேக்கல!" என்று அந்த ஜன்னலைப் பார்த்தே கத்தினார். "சுத்தமா கேக்கல! போய்ச் சொல்லு!"

அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, அதே குரலில், "நீ போகாதே!" என்றார்.